தம்மாமுக்குப் போன பாடம்

பாடக் கேசட்டைப் போடும் முன் தாஜுன்னிசா அதன் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு மெல்லச் சுற்றுவாள். தளர்ந்த நாடா இறுகியதும் டேப்ரெக்கார்டரில் செருகிப் பொத்தானை அமுக்கி, ஒலிபெருக்கி வலையின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொள்வாள். பாடம் உடனே வராது. கொஞ்ச நேரத்துக்கு வெறும் இரைச்சல்தான். கையை எடுக்காமல் காத்திருப்பாள். டீச்சரின் முதல் சொல் காதுக்கு முன்னால் கையில்தான் வந்து அதிரும்.

அந்த இரைச்சலுக்குக் காரணம் உண்டு. இராமநாதபுரத்தில் குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையார் ஒரு பள்ளி நடத்தினார்கள். அங்கே பாட்டோ ஜெபமோ கிடையாது. எல்லாரும் வாய்மூடிச் சற்று நேரம் உட்கார்ந்த பிறகுதான் வகுப்பு தொடங்கும். ஊரில் அதற்குப் பெயரே ‘பேசாத ஸ்கூல்’. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்குச் சனிக்கிழமை நேரில் வகுப்பு. மற்ற நாள்களுக்குக் கேசட். அதைப் பதிவு செய்யும்போதும் சண்முகவள்ளி டீச்சர் பழக்கத்தை விடவில்லை. பொத்தானைத் தட்டிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்து, பிறகே பேசுவார்.

தாஜுன்னிசா பெரியபட்டினத்துப் பெண். எட்டாம் வகுப்போடு நின்றவள். 1993இல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த கணவன் பாக்கருக்கு அது தெரியாது. “படிச்சது போதும்” என்று கல்யாணத்தன்றே சொன்னவர். அவர் ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் நின்றுவிடும். மாமியார் ரம்ஜான் பீவிதான் துணிந்து வகுப்புக்கு அனுப்பினாள். “அவன் வரட்டும், பக்குவமா நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் கடுதாசில மூச்சு விட்டுறாத.”

ஜனவரியில் ஒருநாள் அவள் ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

“நம்ம தெரு வாவு முகம்மது லீவு முடிஞ்சு இன்னைக்குத் தம்மாமுக்குப் பொறப்படுறானாம். என் சீதேவி மகனுக்கு நானே கேசட்டுல பேசி அனுப்பிட்டேன்! அவன் பொஞ்சாதி கையில குடுத்தாச்சு.”

“எந்தக் கேசட்டுல மாமி?”

“சன்னல்ல கெடந்துச்சே. போட்டுப் பாத்தேன், பேச்சு மூச்சக் காணோம். காலிதானேன்னு மேல பேசிட்டேன்.”

தாஜுன்னிசாவின் கையிலிருந்த சீனிப் பை நழுவியது. நேற்றுத்தான் அந்தக் கேசட்டைக் கேட்டிருந்தாள். மாமியாரின் பேச்சு முடிகிற இடத்தில் டீச்சரின் குரல் வரும்: ‘தாஜுன்னிசா, மார்ச்சில் பரீட்சை. கணக்கை மட்டும் விட்டுவிடாதே.’

விவரம் கேட்டதும் ரம்ஜான் பீவி நெஞ்சில் கைவைத்தாள். “யா அல்லா! என்னையக் கடிச்சுத் துப்பிருவானே!”

வாவு முகம்மதின் வீடு பூட்டிக் கிடந்தது; எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். மாமியாரும் மருமகளும் இராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் ஆள் கைகாட்டின இடத்திலெல்லாம் பஸ் நின்றது. ஒருவன் கருவாட்டுக் கூடையைக் கூரைமேல் ஏற்றும்வரை கண்டக்டர் பீடி குடித்தார். “ஏலே, ஏத்துறியா இல்ல கீழ எறங்கி நான் ஏத்தட்டுமா?” என்று ரம்ஜான் பீவி சன்னல் வழியே கத்தினாள்.

ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி வந்து நின்றிருந்தது. வாவு முகம்மது சன்னலோரம், கயிறு சுற்றிய பெட்டியின்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கேசட்டா? நல்லாக் கேட்டிய போங்க. ரெண்டு பேரு ஏறி மிதிச்சுக் கட்டுன பெட்டி இது. அப்புடி என்ன பேசிட்டிய மாமி, மகன்ட்ட? மருமகள வஞ்சுட்டியளா?”

“சிரிக்காத வாப்பா. அவுத்துக் குடு.”

அவர் முணுமுணுத்தபடி குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தார். ஒரு சுற்று அவிழ்ந்தது. கார்டு பச்சைக்கொடியை விரித்துவிட்டார். தாஜுன்னிசா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேசட்டை ஒளித்தால் அடுத்து இன்னொன்றை ஒளிக்க வேண்டும்.

“விடுங்க காக்கா. போகட்டும்” என்று அந்த அண்ணனைத் தடுத்தாள்.

“என்னடி சொல்ற?” என்றாள் மாமியார்.

“கேக்கட்டும் மாமி. இன்னைக்கில்லாட்டி என்னைக்கி?”

வண்டி நகர்ந்தது.

அதன் பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அவள் வாசலுக்கு ஓடினாள். பாக்கரின் முதல் கடிதம் வந்தது. குளிர், சம்பளம், உம்மாவின் மூட்டுவலி எல்லாம் இருந்தன. படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கேட்டு எழுதவும் பயம். கேட்டால் ‘வேண்டாம்’ என்று வந்துவிடலாம்.

சனிக்கிழமை டீச்சரிடம் சொன்னாள். “எங்க கூட்டத்துல ஒரு விஷயத்த வச்சுட்டு எல்லாரும் பேசாம இருந்தா, மறுப்பு இல்லைன்னு எடுத்துக்குவோம்” என்ற சண்முகவள்ளி டீச்சர், கொஞ்சம் யோசித்து, “ஆனா அது எதிர்ல உக்காந்திருக்கவங்களுக்கு” என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் தாஜுன்னிசா பிடித்துக்கொண்டாள். அவுக கேட்டுட்டாக, மறுக்கலை. அந்தத் தைரியத்தில் மார்ச்சில் பரீட்சை எழுதினாள். கணக்கிலும் தேறினாள். அதே தைரியத்தில் பிளஸ் டூவுக்கும் பணம் கட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து ஊர் வந்த பாக்கர் முன் மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தாள். “நீங்கதான் கேசட்டுலயே கேட்டியளே” என்றாள். பாக்கர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார். உள்ளே கதவோரம் நின்ற ரம்ஜான் பீவி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

இப்போது தாஜுன்னிசா அதே ஊரில் பள்ளி ஆசிரியை. இந்த வரிகளை நான் எழுதத் தொடங்கிய பிறகு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வாவு முகம்மதிடம் அந்தக் கேசட்டைப் பற்றிக் கேட்க நேர்ந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஸ்டேஷனில் அவிழ்த்த கயிற்றை அவர் சரியாகக் கட்டவில்லையாம். விமானம் ஏறப் போன பம்பாயில், லாட்ஜுக்குப் போகிற வழியில் பெட்டி வாய்பிளந்து, பாதிச் சாமான் எங்கோ விழுந்துவிட்டது. விழுந்ததில் கேசட்டும் ஒன்று. அப்படி ஒரு கேசட் இருந்ததையே பாக்கரிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை.