ஜாடியில் ஒரு பிடி உப்பு

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துக்கு வெளிச்சம் போட்டவள் நான். எட்டாம் வகுப்புப் பெண்ணை நம்பியா மின்சாரத்தைக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், கொடுத்தார்கள். மயிலாப்பூரில் அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது என்றுதான் என் நினைப்பு.

ஏற்பாடெல்லாம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அண்ணனுடையது. வீட்டு ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் ஊற்றி மூன்று பிடி உப்புப் போடவேண்டும். அடியில் ஒரு இரும்புத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. விளக்குக்கான மின்சாரம் அந்த உப்புத்தண்ணீர் வழியாகத்தான் போகும். கயிற்றில் போட்டிருந்த முடிச்சு வரை தளர்த்தினால் தகடுகள் ஒட்டாமல் நெருங்கி மேடை பளிச்சென்று ஆகும்; இழுத்தால் மங்கும். கயிற்றைத் தவிர எதைத் தொட்டாலும் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ராணி வேஷம் அக்காவுக்கு. பள்ளியில் அது அவளுக்குக் கடைசி வருஷம். காலேஜில் சேரவேண்டும் என்று அவள் துடிக்க, அப்பாவோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மாவும் அத்தையும் திருச்சியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள்; பெண்ணைப் பிடித்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் அம்மா இதைச் சொல்லியாயிற்று.

நாடகத்துக்குச் சற்று முன்னால், கிரீடமும் கையுமாக அக்கா என்னிடம் வந்தாள். கண்மை ஒரு பக்கம் கரைந்திருந்தது.

"உப்பு ஒரு பிடி போதும்டி. என் மூஞ்சி தெரியக் கூடாது. அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு பிடிதான் போட்டேன்.

மாலை நாலு மணிதான் என்றாலும், யுத்தகாலத்துக் கறுப்புத் துணியை ஜன்னல்களில் மாட்டியிருந்ததால் ஹால் இருட்டு. கயிற்றை முழுசாகத் தளர்த்தினேன். ராணியின் வசனம் கணீரென்று வந்தது. முகம் மட்டும் வரவில்லை. திருச்சி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்குக் குஷி தாங்கவில்லை.

இடைவேளையில் அண்ணன் ஓடிவந்தான். ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஜாடிக்குள் விரலை விட்டு, ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோல நாக்கில் வைத்தான். பக்கத்திலேயே மீதி உப்புப் பொட்டலம். அவன் பொட்டலத்தைப் பார்த்தான், திரையோரம் நின்ற அக்காவையும் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முகமே பார்க்காமல் என்ன சொல்வது, ரயிலுக்கு வேறு நேரமாகிவிட்டது, ஈஸ்டர் கழித்து வருகிறோம் என்று திருச்சிக்காரர்கள் கிளம்பினார்கள். அப்புறம் வரவேயில்லை, ஜூனில் அக்கா காலேஜில் சேர்ந்தாள்.

ஆனால் நாடகத்தன்று ராத்திரி வீட்டில் அண்ணனுக்குத்தான் மண்டகப்படி. ஒரு விளக்கை ஒழுங்காக எரியவைக்கத் தெரியாதவனுக்கு இன்ஜினியரிங் ஒரு கேடா என்று, சாப்பிட உட்கார்ந்த பிறகும் அப்பா விடவில்லை. கணக்கில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பிடிக்கும் மூன்று பிடிக்கும் ருசி தெரியாத மக்கு என்று எனக்குள் ஒரே சிரிப்பு. அந்த மக்கை எப்படி ஏமாற்றினோம் பார் என்று அக்காவின் காதில் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள். அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு என்று நான் சண்டைக்குப் போனேன்.