பில்டு மாமா லீவு எடுத்த கதை

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பில்டு மாமா என்றால்தான் தெரியும். பார்சல் நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் இடம் இது. மாமாவின் பொறுப்பில் சின்னஞ்சிறு லைப்ரரி ஒன்று, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, இருந்தது. நீளமான விலாசத்தை லேபிளுக்குள் அடங்கும்படி மடித்துத் தருவது அதன் வேலை. அதில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துக் கட்டி, ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைத்தான் பில்டு என்கிறோம். அது மாமாவின் கணினியில் மட்டுமே நடக்கும், மற்றவற்றில் முரண்டு பிடிக்கும். காரணம் கேட்டால், "அதுக்கு ஒரு கைப்பக்குவம் வேணும்ப்பா" என்பார். கைப்பக்குவமாவது மண்ணாங்கட்டியாவது! எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை என்பதை மண்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அதனால் அவர் போன இடமெல்லாம் போனும் துரத்தியது. மச்சினன் கல்யாணத்தில் குடும்பமே படம் எடுத்துக்கொண்டபோது மாமா மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அப்போதெல்லாம் மனைவி பொறுத்துக்கொண்டாள். அவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான் சொன்னாள்.

"அந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றதா இருந்தா நீங்க வரவே வேணாம். எங்க அக்கா பாத்துக்குவா."

குரலை உயர்த்தவில்லை. மாமா மறுநாளே பில்டு அமைப்புக் கோப்பை எழுத உட்கார்ந்தார். எதை முதலில் சேர்ப்பது, எந்தப் பதிப்பை எடுப்பது, எதைச் சோதிப்பது என்பதெல்லாம் அதில் இருந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் வேலையை முடித்துவிடலாம். சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினார். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். திரை பச்சை காட்டியது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பக்கத்து மேசை டெஸ்டர் தன் கணினியில் ஓட்டினாள். சிவப்பு.

"சார், லேபிளோட ஃபான்ட்ட எங்க போய்த் தேடுது பாருங்க. உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர்ல! என் மெஷின்ல நீங்க எங்க சார் இருக்கீங்க?"

மாமா அசடு வழிந்தார். எல்லோருக்கும் பொதுவான கோப்பில், அந்த எழுத்துருவைத் தேடும் இடமாகத் தன் கணினியின் விலாசத்தை எழுதி வைத்திருந்தார். மறதி என்று சொன்னார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இனி யாரும் தன்னைத் தேட மாட்டார்கள் என்பது அவருக்கு உள்ளூரக் கசந்தது. வேண்டா வெறுப்பாக எழுதும் கை எதையாவது விட்டுத்தான் வைக்கும். ஃபான்ட்டை லைப்ரரிக்குள்ளேயே கொண்டுவந்து, அந்த வரியைத் திருத்தினார். டெஸ்டரின் திரையும் பச்சையானது.

"சூப்பர் சார். இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

"ஏதாவதுன்னா தயங்காம கூப்பிடும்மா."

"எதுக்கு சார்? அதான் ஓடுதே."

ஆபரேஷன் அன்று மாமா லேப்டாப் இல்லாமல் போனார். காத்திருக்கும் அறையில் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் மனைவியின் அக்காவிடம், "அண்ணி, ஒரு மிஸ்டு கால் குடுங்க. இது வேலை செய்யுதான்னு பாக்கணும்" என்றார். நன்றாகவே அடித்தது. சற்று நேரத்தில் அலுவலகக் குழுவில் ஒரு செய்தி வந்தது. லைப்ரரியின் புதிய பதிப்பை டெஸ்டரே கட்டி அனுப்பிவிட்டாளாம். மாமா அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சாயங்காலம் மனைவிக்கு மயக்கம் தெளிந்தது.

"ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வரல."

இந்தப் பதிலுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள். சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்ய அக்கா எழுந்து வந்தாள்.

"நீ உக்காருக்கா" என்றாள் மனைவி. "அவர் பண்ணட்டும்."