அக்காவின் வடிவுக் கொப்பி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறையும் இன்று, "தங்கமான பிள்ளை" என்று கண்ணைத் துடைக்கும் உங்களில் பலர், அவர் இருந்த காலத்தில் அவரை லூசு என்றுதான் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

அக்கா கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா காலமான பின், ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து தம்பி என்னைப் படிப்பித்தார். கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்களும் சீதனம் போதாதென்று திரும்பிப் போயின. அதற்குப் பரிதாபப்பட வந்தவர்கள் எங்கள் பிளேன்டீயைக் குடித்துவிட்டுத்தான் எழும்பினார்கள். யுத்த காலத்தில் நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம்.

தினமும் செபமாலைக்கு முன், அன்று கண்ட வடிவான ஒன்றை, கண்ணுக்கு அழகாய்ப் பட்ட எதையாவது, அக்கா ஒரு கொப்பியில் எழுதுவார். அலுவலகப் பழக்கம், நேரமும் இடமும் போடாமல் எழுதமாட்டார். "காலை 6.40, ரயில் பாதை. தண்டவாளத்தில் ஒரு கொக்கு." "மாலை 5.15, சோதனைச் சாவடி. காவலுக்கு நின்ற பெடியன் நாய்க்குட்டிக்குப் பாண் பிய்த்துப் போடுகிறான்." ஆண்டவர் தருவதைப் பார்க்காமல் விடுவது அவரை அவமதிப்பது என்பது அக்காவின் விசுவாசம்.

பாமன்கடைப் பகுதியில் இருந்த மாமா ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"குண்டு வெடிக்கிற ஊரிலை உனக்கென்ன வடிவு, பிள்ளை?"

"அதாலைதான் தேடிப் பாக்கவேண்டிக் கிடக்கு, மாமா," என்றார் அக்கா.

மாமா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீடுவீடாகச் சோதனை நடந்த ஒரு காலை, அந்தக் கொப்பி பொலிசாரின் கையில் அகப்பட்டது. அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. நேரம், ரயில் பாதை, சோதனைச் சாவடி. குண்டு வைக்க வேவு பார்த்த குறிப்பென்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப் போன எத்தனையோ பேர் வருடக்கணக்கில் வீடு திரும்பவில்லை. நான் சந்திக் கடைக்கு ஓடி மாமாவுக்கு டெலிபோன் எடுத்தேன். பெரிய இடங்களில் ஆட்களைத் தெரியும் என்று பீற்றித் திரிந்த மனிதர், "என்ரை பேரை அங்கை சொல்லிப்போடாதை," என்று வைத்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற கடைக்கார முஸ்லிம் நானா, கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார்.

நிலையத்தில் அக்காவை சுவரோரம் ஒரு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். நான் அதிகாரியிடம் சிங்களத்தில் கெஞ்சினேன். அக்காவுக்கு மூளை சரியில்லை, கொக்கையும் நாயையும் எழுதிவைக்கிற பைத்தியம், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றேன். அக்காவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சில பக்கங்களை வாசிப்பித்தார்கள். அறை முழுவதும் சிரித்தது. நானா பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தார். கொப்பியையும் தந்து எங்களை விட்டுவிட்டார்கள்.

வழியில் அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வரப்போகுது, கெதியா நட," என்றார். அதன்பின் ஆறு மாதம் ஓர் உறவினரும் எங்கள் படியேறவில்லை. அக்கா அதைக் குறையாகச் சொன்னதில்லை, நான்தான் இன்றும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்தார். கடைசிவரை அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட மேல்மாடிச் சிங்கள அம்மாவுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், நானாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அடக்கத்துக்கு எல்லோருடையதிலும் பெரிய மாலையோடு வந்து, படம் எடுக்கும்வரை நின்ற மாமாவுக்கும் நன்றி.

நிலையத்தில் நான் சொன்னது அக்காவைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று இத்தனை காலமும் சொல்லிவந்தேன். அது பொய் அல்ல. அப்போது நான் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். அடக்கம் முடிந்தபின், என் வார்த்தை எழுதப்பட்டிருக்குமோ என்ற பயத்தோடு அந்த நாளின் பக்கத்தைத் தேடித் திறந்தேன். இருந்தது இவ்வளவுதான்:

"காலை 10.20, பொலிஸ் நிலையம். தம்பி ஓடி வந்து நிற்கிறான். ஒரு காலில் அவனுடைய செருப்பு, மற்றக் காலில் என்னுடையது."