பத்தொன்பது அங்குலம்

மார்ச் 6, காலை 11.10 — 92,000
மார்ச் 6, காலை 11.40 — 68,000
மார்ச் 13 — 59,500
மார்ச் 20 — 51,000
மார்ச் 27 — 42,500
ஏப்ரல் 3 — 900

முதல் ஐந்து வரிகளும் ஒரே சோபா செட்டின் விலை. ஆறாவது வரி வேறொரு பொருளின் விலை. ஆறும் ஒரு பழைய மின்சார மீட்டர் அட்டையில் நீல மையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சுருக்கொப்பம் இருக்கிறது.

அட்டையை எழுதியவரைத் தெருவில் எல்லோரும் மீட்டர்க்காரர் என்றே சொல்வார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். கதவைத் தட்டுவார், மாடிப்படிக்குக் கீழே குனிவார், டார்ச் அடிப்பார். முதலில் முந்தைய ரீடிங்கைப் பார்ப்பார், பிறகு இன்றைய எண்ணை எழுதுவார், வீட்டில் இருப்பவரிடம் ஒரு சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்புவார். "இவ்வளவு எப்படிங்க ஓடும்?" என்று சண்டைக்கு வருபவர்களிடம், "நானா எதுவும் எழுதலைங்க, மீட்டர் காட்டுறதை எழுதறேன்" என்பார். அவரை நாய் கடித்தது இரண்டு முறை. இரண்டு கடிக்கும் தேதியும் நேரமும் வைத்திருக்கிறார்.

அட்டை கையில் இருக்கும்வரை அவரை யாராலும் அசைக்க முடியாது. அட்டையைக் கீழே வைத்துவிட்டால் ஒரு சோப்பு விற்பவர்கூட அவரைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். எதிரே ஒருவர் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம் பேசினால் போதும், பாவம், இவருக்குத் தொண்டை வறண்டுபோகுமே என்ற கவலை அவருக்கு வந்துவிடும். "சரி" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன சரிகள்தான் அவர் வீடு முழுக்க இருந்தன. ஒரே குழாய்க்கு மூன்று தண்ணீர் வடிகட்டிகள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வாங்கிய பன்னிரண்டு தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம். அறையைவிடப் பெரிதாக இருந்ததால் ஒரு பக்கம் மடித்துப் போடப்பட்ட தரைவிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தின் நடுவில் அந்த சோபா. பதினோரு ஆண்டுகளுக்கு முன் "கடைசி பீஸ் சார்" என்று கேட்டவுடன் வாங்கியது. உட்கார்ந்தால் உள்ளே இழுக்கும். அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் கிணறு.

மனைவி தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்தவர். இருபத்தெட்டு ஆண்டுகள் அடுக்குகளின் முன் நின்றே வேலை செய்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஜனவரியில் ஒரு முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உட்காரும் இடம் தரையிலிருந்து பத்தொன்பது அங்குலம் இருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், கை வைத்த நாற்காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சரி, பார்க்கலாம் என்று மீட்டர்க்காரர் நாளைக் கடத்திவிட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் அவர் வங்கிக்குப் போயிருந்தார். மனைவி கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாம் என்று கிணற்றில் உட்கார்ந்தார். மறுபடி எழ முடியவில்லை. எதிர்ச் சுவரோரம் தொலைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கணவர் திரும்பி வர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. வந்தவர் கை கொடுத்துத் தூக்கினார்.

"என்னம்மா, கூப்பிட்டிருக்கலாமே பக்கத்து வீட்ல."

"இந்தக் குழிக்குள்ள இருந்து கத்தினா குரல் எங்க வெளிய போகுது?" என்றார் மனைவி. பிறகு குரலை இறக்கி, "எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாங்க. நானா எந்திரிக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

முப்பத்தேழு ஆண்டு வாழ்க்கையில் மனைவி எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. மீட்டர்க்காரர் அன்று இரவே டாக்டர் சொன்ன அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தார்.

அவர்கள் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பர்னிச்சர் கடை. கிணற்றை விற்ற அதே கடை. மனைவியால் படியேற முடியாது. எனவே மார்ச் 6, வியாழக்கிழமை, அவர் தனியாகக் கிளம்பினார். வாசலில் மனைவி மூன்று பொருள்களைக் கொடுத்தார்: அளக்கும் டேப் ஒன்று, பழைய மீட்டர் அட்டை ஒன்று, ஒரு புதினா மிட்டாய்.

"இதை வாயில போட்டுக்கங்க. கடையை விட்டு வெளிய வர்ற வரைக்கும் வாய் மிட்டாய்க்குத்தான். மீட்டர் பார்க்கப் போற மாதிரி போங்க. பார்க்கணும், எழுதணும், இனிஷியல் வாங்கணும், வந்துடணும்."

"வாங்கறதுக்குத்தானே போறேன்?"

"உங்களை வாங்க அனுப்பினா, கடையை இல்ல வாங்கிட்டு வருவீங்க."

கடையில் அவரை எதிர்கொண்டவர் சிவப்பு டை கட்டியிருந்த விற்பனையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரிப்பை முகத்தில் ஆணி அடித்து மாட்டியது போல இருந்தது. மீட்டர்க்காரர் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தனி நாற்காலி, பத்தொன்பது அங்குலம் என்று துண்டுச் சீட்டைக் காட்டினார்.

"தனி நாற்காலி அடுத்த வியாழக்கிழமை லோடு வருது சார். அதுவரைக்கும் சும்மா இதுல உக்காருங்க. உக்காரக் காசா கேக்கறோம்?" என்று டைக்காரர் ஒரு பெரிய சோபாவில் அவரை அமர்த்தி ஒரு பட்டனை அழுத்தினார். சோபாவின் முதுகு பின்னால் சரிந்தது, கால் பக்கம் மேலே எழுந்தது. மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரால் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. கடைக்காரர்களுக்கு அது தெரியும்.

"தொண்ணூத்தி ரெண்டாயிரம் சார். எங்கப்பா மாதிரி இருக்கீங்க, உங்களுக்கு மட்டும் மேனேஜர்கிட்ட பேசறேன்." கண்ணாடி அறைக்குள் போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். "அறுபத்தெட்டு. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான். இது கடைசி பீஸ். ஒரு பல் டாக்டர் நாலு மணிக்குப் பணத்தோட வர்றார்."

மீட்டர்க்காரர் படுத்தபடியே அட்டையை நெஞ்சின் மேல் வைத்து எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேனாவை நீட்டினார்.

"இது எதுக்கு சார்?"

மீட்டர்க்காரர் மிட்டாயைச் சப்பியபடி கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்து என்றாலே வியாபாரம் நெருங்குகிறது என்று பழகிய டைக்காரர் மகிழ்ச்சியோடு சுருக்கொப்பம் போட்டார். வீட்டு விலாசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மீட்டர்க்காரர் எழுந்து வந்துவிட்டார். எழுவதற்கு மட்டும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 13 அன்று லோடு வரவில்லை. கடைசி பீஸ் அதே இடத்தில் இருந்தது. விலை 59,500, ஆறு மணி வரை; நாலு மணிக்குப் பல் டாக்டர். மீட்டர்க்காரர் டேப்பை எடுத்துக் கடையில் இருந்த எல்லா சோபாக்களையும் அளந்தார். பதினாறு, பதினைந்தரை, பதினேழு.

"உயரம் எதுக்கு சார்? உக்கார்ற சுகம்தானே முக்கியம்."

மீட்டர்க்காரருக்கு எழுகிற சுகம்தான் வேண்டியிருந்தது. ஆனால் வாயில் மிட்டாய்.

மார்ச் 20 அன்றுதான் ஆபத்து வந்தது. அன்று டைக்காரர் துணி மாதிரிகளைக் கொண்டுவந்து, சுவர் என்ன நிறம், திரைச்சீலை என்ன நிறம் என்று இருபத்தாறு நிமிடம் பேசினார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மிட்டாய் கரைந்துபோனது. டைக்காரரின் குரல் கம்மத் தொடங்கியது. மீட்டர்க்காரரின் மனம் இளகியது.

"ஐம்பத்தோராயிரம் சார். பல் டாக்டர் கிளம்பிட்டாராம். எடுத்துடலாமா?"

"சரி" என்றது அவர் வாய்.

கண் மூடித் திறப்பதற்குள் முன்பணச் சீட்டு முன்னால் வந்தது. பேனாவைப் பிடித்தார். ஆனால் முந்தைய ரீடிங்கைப் பார்க்காமல் அந்தக் கை எதையும் எழுதியதில்லை. தன்னையறியாமல் அட்டையை எடுத்து மேல் வரிகளைப் படித்தார்.

"போன வாரமும் பல் டாக்டர். அதுக்கு முந்தின வாரமும் பல் டாக்டர். நாலு மணிக்கு வர்றேன்னு."

"அது... வேற பல் டாக்டர் சார்."

"மூணு பேருமா?"

மீட்டர்க்காரர் 51,000 என்று எழுதி, சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த வியாழனிலிருந்து மனைவி இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

மார்ச் 27, ரீடிங் 42,500. அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் அட்டையை வைத்துக் கழித்துப் பார்த்தார். மீட்டர் வேலையில் முந்தைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. வாரம் தவறாமல் எட்டாயிரத்து ஐந்நூறு.

"இந்த வேகத்துல போனா மே ஒண்ணாம் தேதி பூஜ்யத்துக்கு வந்துடும்" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. எண்கள் அப்படித்தான் சொல்லின.

மனைவி சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "போய்ச் சொல்லிட்டு வாங்க அவங்ககிட்ட."

ஏப்ரல் 3 அன்று கடையில் இன்னொரு தம்பதி இருந்தார்கள். கணவர் பேனாவைத் திறந்து முன்பணச் சீட்டில் கையெழுத்துப் போடப் போனார். உடன் வந்த அவர் மனைவி பேச்சுக்கு, "நீங்களும் இதே செட்தான் பாக்கறீங்களா?" என்று மீட்டர்க்காரரைக் கேட்டார்.

மீட்டர்க்காரர் வாயிலிருந்த மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். "ஆமாங்க. மே ஒண்ணாம் தேதி சும்மாவே கிடைக்கும். அதுக்காகக் காத்திருக்கேன்" என்று அட்டையைக் காட்டினார்.

அந்தக் கணவர் மேலிருந்து கீழே படித்தார். பேனாவை மூடினார். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார்.

"சார், மே ஒண்ணு கடை லீவு."

"பரவாயில்லைங்க, அதுக்கு அடுத்த வாரம் வர்றேன். ஆனா அப்ப நீங்க எனக்கு எட்டாயிரத்து ஐந்நூறு தர்ற மாதிரி இருக்கும்."

"ஏம்ப்பா," என்று மேனேஜர் டைக்காரரைப் பார்த்தார், "இவ்வளவுக்கும் இனிஷியல் யார் போட்டது?"

டைக்காரர் தன் டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் காதில் விழாத இடமாக மேனேஜர் அவரைக் கேஷ் கவுண்டருக்கு அழைத்துப் போனார். கேஷியர் அம்மா எழுந்து தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மீட்டர்க்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், திடீரென்று எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. சாதாரண மர நாற்காலி, இரண்டு கெட்டியான கைகள். டேப்பை எடுத்தார். பத்தொன்பது அங்குலம்.

"இது என்ன விலைங்க?"

"அது விக்கறதுக்கு இல்ல சார். கடை நாற்காலி. நான் பதிமூணு வருஷமா உக்கார்றது" என்றார் கேஷியர் அம்மா.

கடையில் இருந்த அத்தனையும் ஆறு மணிக்குள் விற்றாக வேண்டியவை. அவருக்கு வேண்டிய ஒன்று மட்டும் விற்பனைக்கு இல்லை. கிணற்றிலிருந்து எழுந்து நின்ற மனைவியின் அந்தக் குரல் அவர் காதில் கேட்டது. அட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் பார்த்து நிதானமாகப் படிப்பது போலவே பேசினார்.

"இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தாங்க. ஆறு அடிச்சா நான் இதை வாங்க மாட்டேன். இந்த அட்டை என்கிட்ட ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு. ஒரு பல் டாக்டர் இதைப் படிக்கணும்னு நாலு மணிக்கு வர்றார். எங்க தம்பி மாதிரி இருக்கீங்க, அதனால முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

மேனேஜர் அந்தத் தம்பதியைப் பார்த்தார். அவர்கள் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். வேறு இருவர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள்.

"தொள்ளாயிரம். அட்டையைப் பையில வைங்க முதல்ல."

"இனிஷியல் போட்டாத்தான் உள்ள போகும்."

"எடுத்துட்டுப் போங்க சார்," என்றார் கேஷியர் அம்மா, "எனக்கும் சக்கரம் வச்ச புது நாற்காலி கிடைக்கும்ல."

அன்று மாலை 4.50க்கு நாற்காலி கூடத்துக்கு வந்தது. மனைவி உட்கார்ந்தார். மீட்டர்க்காரர் பழக்கத்தில் கையை நீட்டினார். மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டு, இரு பக்கமும் ஊன்றி, எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். பதினோரு முறை. மீட்டர்க்காரர் எண்ணி எழுதினார்.

கிணற்றை மறுநாள் காலை வாசலில் போட்டு, "கடைசி பீஸ். மாலை ஆறு மணி வரை. இலவசம்" என்று தாள் ஒட்டினார். மாலை 5.20க்கு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு கடையிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. முதலாவது ஏப்ரல் 19. சோபா செட் 34,000, மூன்று நாள்கள் மட்டும். இரண்டாவது மே 2. மீட்டர்க்காரரின் கணிப்பு பாதி பலித்தது. அதில் பூஜ்யம் இருந்தது. ஆனால் விலை அல்ல, தவணைக்கு வட்டி. இரண்டும் விலாசம் தெரிய ஜன்னல் வைத்த உறைகள். கதவிடுக்கில் விழும் சத்தத்திலேயே மனைவி இனம் கண்டுகொண்டார். "அச்சடிச்சது. கிடக்கட்டும்" என்று உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மூன்றாவது விழுந்தபோது சத்தம் வேறாக இருந்தது. மீட்டர்க்காரர் எழப் போனார்.

"நீங்க உக்காருங்க. இது கையால எழுதின கடிதம்" என்று மனைவி இரு கைகளையும் ஊன்றி எழுந்து, கதவுவரை நடந்து, மெல்லக் குனிந்து எடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்து உரக்கப் படித்தார்.

கேஷியர் அம்மா எழுதியிருந்தார். சக்கர நாற்காலி மணிக்கு ஓர் அங்குலம் தானாக இறங்குகிறதாம். கடை மூடும் நேரத்தில் கவுண்டருக்கு மேலே தலை மட்டும் தெரிகிறதாம். தன் பழைய நாற்காலியை என்ன விலைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராம். மேனேஜரும் சம்மதித்துவிட்டாராம். இந்த மாதம் முப்பதாம் தேதி வரை மட்டும்.

மீட்டர்க்காரரின் முகம் இளகியது. வாய் திறந்தது. மனைவி கைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அதில் போட்டார்.

"நாற்காலி குடுக்க முடியாதுன்னு நான் எழுதறேன். அளவெல்லாம் உங்க அட்டையில இருக்குல்ல? அதையும் எழுதி, பின் தெருவுக்குப் போன மாசம் குடிவந்த தச்சர் விலாசத்தையும் போடறேன். அந்தம்மா முழங்காலும் முழங்கால்தானே."

அவர் சப்பிக்கொண்டே தலையாட்டினார். மனைவி பதிலை முடித்து உறையை ஒட்டினார். மீட்டர்க்காரர் அட்டையில் கடைசியாக மிச்சமிருந்த வரியில் தேதியை எழுதி, பேனாவை அவரிடம் நீட்டி, கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். மனைவி சுருக்கொப்பம் போட்டார்.

அந்த வரி: ஆகஸ்ட் 27. அதற்குப் பிறகு கடையிலிருந்து கடிதம் வரவில்லை.