குற்றாலம் லாட்ஜில் என் ஒரு மாத நோட்டீஸ்

குற்றாலத்தில் லாட்ஜ் வேலை என்றால் சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்குவது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது, போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அருவியில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று சொல்லும் வேலை. இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பாறை தெரிகிறதா இல்லையா என்று பார்க்க அதற்கு மேல் படிப்பு தேவைப்படவில்லை. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி நாள் வரை அதே வாசலில் ஏறி இறங்குகிறவர்கள் யாராவது இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அந்த ஒரு மாதம் புரியாது.

கிழிக்காத காகிதம்

மே மாதக் கடைசி. விருதுநகரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பதினோரு பேர், வேன் பேசியாகிவிட்டது, மூன்று ரூம் வேண்டும் என்றார். “மெயினருவியில ஆம்பளையாளு பக்கம் மட்டும் நூல் மாதிரி விழுது சார். பொம்பளையாளு பக்கம் வெறும் பாறைதான். பத்து நாள் பொறுத்து வாங்க” என்றேன். பின்னால் புது மேனேஜர் நின்றிருக்கிறார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், ஓட்டல் படிப்பு படித்தவர். பெயரை எழுதினால் அவருக்குப் பெருமையாகிவிடும், எழுதமாட்டேன். “ரூமை நிரப்பறதுதானுங்க உங்க வேலை, வானிலை அறிக்கை வாசிக்கறது இல்லைங்க” என்று, சாவி வாங்க நின்ற ஒரு குடும்பத்துக்கு முன்னால் சொன்னார். அந்தக் குடும்பத்தில் ஒரு அம்மாள் சிரித்தார். பச்சைச் சேலை. அதையும் நான் மறக்கவில்லை.

அன்றைக்கே ஒரு மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். இங்கே ஒன்று சொல்லவேண்டும். பெரிய முதலாளி இருந்த காலத்தில் மூன்று தடவை ராஜினாமா கொடுத்திருக்கிறேன். மூன்று தடவையும் அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, “போய் ரெண்டு டீ சொல்லும் வே” என்றார். எங்கள் லாட்ஜில் கோபத்தைத் தெரிவிக்க அதுதான் வழி. அவர் காலமாகி, இப்போது அவர் மகன் சின்ன முதலாளி அந்த நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, கிழிக்கிற சத்தத்துக்காகக் கதவுக்கு வெளியே நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். ரிசப்ஷனில் இருக்கும் செல்வி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணாச்சி, இப்பல்லாம் கிழிக்க மாட்டாவ, ஸ்கேன் பண்ணிருவாவ.”

மொட்டை மாடி

மறுநாள் காலையில் என் கடைசி நாள் எது என்று தேதி போட்ட கடிதம் வந்தது. கூடவே வாய்மொழியாக ஒரு உத்தரவும் வந்தது. நோட்டீஸில் இருப்பவர் கஸ்டமர்களோடு பேசக்கூடாதாம், மாடியில் போர்வை, தலையணை உறை கணக்குப் பார்க்க வேண்டுமாம். இருபத்தாறு வருஷம் ரிசப்ஷனில் நின்றவன் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே துணி துவைத்துக் காயப்போடுகிறவர் சுரண்டை ஊர்க்காரர் அருள்மேரி. சாரல் ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊரில் போர்வை காயாது; இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஈரத்தை விரட்டவேண்டும். நான் போன அன்றைக்கு முதல் சாரல் விழுந்தது. கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். சின்ன முதலாளியின் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கைப்பிடிச் சுவருக்கு வந்து நிற்பேன். அவர் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்து, ‘கீழே வாங்க’ என்று கையைக் காட்டினால் போதும். அவரோ தலையைக் குனிந்து, போனைப் பார்த்தபடியே உள்ளே போய்விடுவார். நாலு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அருள்மேரி சொன்னார்: “அண்ணாச்சி, அங்கன நின்னு நனையாதிய, இங்கன போர்வையே காய மாட்டேங்குது, உங்களை வேற எங்க காயப்போட?”

வக்கீல் எழுதித் தந்தது

மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வருஷா வருஷம் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவார். ரிசப்ஷனில் என்னைக் காணாமல் விசாரித்துக்கொண்டு மாடிக்கே ஏறிவிட்டார். தலையணை உறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நோட்டீஸ் நடக்கிற நாளெல்லாம் நான் முழு வேலைக்காரன்தான், சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. சேர்த்து வைத்த லீவு எனக்கு உரியது. போகும்போது இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று சான்று கேட்டு வாங்கவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். வேலையில் சேரும்போது வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்காவிட்டால், கடைசி நாளுக்கு முன்னால் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் பெரும்பாலும் வழி உண்டு. சேரும்போது நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. “நாளைக்கு வந்திரு வே” என்றார்கள், வந்தேன், அவ்வளவுதான்.

அவரே உட்கார்ந்து ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். கையெழுத்துப் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “சின்ன முதலாளி வாயைத் திறந்து ஒரு வார்த்தை இருங்கன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் குடுத்திருதேன்” என்றேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைக் குடுக்க உங்களுக்கு உரிமை இருக்குண்ணே. குடுக்குறதுக்கு மனசு வேணுமே, அதை நான் எழுதித் தர முடியாதுல்ல?”

ஒரு நாள் லீவு

பேத்திக்குக் கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலில் காது குத்து. நோட்டீஸில் லீவு கிடையாது என்றார் மேனேஜர். வக்கீல் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ‘யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது’ என்று கேட்டாரே தவிர, லீவு தந்துவிட்டார். ஜெயித்துவிட்ட மாதிரிதான் பஸ் ஏறினேன்.

பிள்ளை அழுதது, மாமன் மடியில் உட்கார்ந்தது, எல்லாம் பார்த்தேன். ஆனால் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததைத்தான் அதிகம் பார்த்தேன். ஐந்தருவிக்கு எந்நேரம் தண்ணீர் வரும், கீழ்த்தள ரூம்களில் கொசு மருந்து அடித்தார்களா, பன்னிரண்டாம் நம்பர் ரூம் கதவு சாரலில் உப்பிப்போய்த் திறக்காதே, அதை லேசாகத் தூக்கித் தள்ளவேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்துபோய் செல்விக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தவள் சொன்னாள்: “அண்ணாச்சி, வேலையை விட்டவிய எங்களுக்கு இவ்வளவு வேலை குடுக்கக் கூடாது.”

என் நம்பர்

கடைசி வாரம் மேனேஜர் ஒரு பட்டியலோடு மாடிக்கு வந்தார். யூனிபார்ம் சட்டை இரண்டு, அடையாள அட்டை, மாஸ்டர் சாவி, நாலாவதாக என் செல்போன் நம்பர். கஸ்டமர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கிறதாம், ஆகவே அது லாட்ஜுடையதாம். சிம் நான் தென்காசி பஸ் ஸ்டாண்டு கடையில் என் பெயரில் வாங்கியது. லாட்ஜ் கொடுத்ததைத் திருப்பித் தருவேன், என்னுடையதைத் தரமாட்டேன் என்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. சிவகாசி டீச்சர் ஒருவர். பதினைந்து வருஷமாக என்னைக் கேட்காமல் புறப்படமாட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். “தண்ணி விழுதா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் குனிந்து, “ரொம்ப நல்லா விழுதுங்க மேடம், உடனே கிளம்பி வாங்க” என்றார். உண்மையில் அன்றைக்கு நன்றாகத்தான் விழுந்தது. டீச்சர் சொன்னார்: “நீங்க யாருங்க? அண்ணாச்சிகிட்ட போனைக் குடுங்க, அவரு சொன்னாத்தான் நாங்க வண்டி எடுப்போம்.”

கடைசி நாள்

வெள்ளிக்கிழமை. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. காலையில் குளிக்கத் தடை போட்டு மத்தியானம் விட்டார்கள். தெருவில் வேன் நிறுத்த இடம் இல்லை, எங்கள் ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது. நான் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஐந்து மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். நாலு மணிக்கே கூப்பிட்டார்கள்.

சின்ன முதலாளி தனியாக இருந்தார். சான்று தயாராக இருந்தது. ‘நடத்தை நன்று’ என்று அடித்திருந்தது. அதை நீட்டியவர் முழுக்க நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி…” என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் குரல் எனக்கு அந்த நிமிஷம் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை. என் கை பைக்குள் போய்விட்டது. கடிதத்தின் மடிப்பு விரலில் தட்டுப்பட்டது.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும் இருந்துட்டுப் போங்களேன். கூட்டம் ஏறிட்டு, ஆள் இல்ல” என்றார்.

கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். “நோட்டீஸ் இன்னையோட முடியுது முதலாளி” என்றேன். ‘அது எப்படி முடியும்’ என்று அவர் கேட்பாரோ என்று, சான்றை வாங்கி மெதுவாக மடித்தேன். இன்னும் ஒரு தடவை மடித்தேன். அவர் மேசை மேல் அடித்த போனை எடுத்துக்கொண்டே சொன்னார்: “சரி, உங்க இஷ்டம் அண்ணாச்சி.”

நோட்டீஸ் காலத்தில் சம்பளம் உண்டு, லீவு உண்டு, சான்று உண்டு, கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கக்கூட வழி உண்டு; ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்க மட்டும் எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை என்பதை, எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் பேனாவைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.