மூன்று மண்டையோடும் ஓர் அளவு ஜாக்கெட்டும்

நெல்லித்தோப்பில் ஆதிலட்சுமியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கெல்லாம் தெரியும், அவள் யாரையும் லேசில் நம்ப மாட்டாள். "இடுப்பு முப்பத்திரண்டு" என்று வாயால் சொன்னால் தலையை ஆட்டுவாள். பிறகு டேப்பை எடுத்துத் தானே அளப்பாள். அதோடும் விடாமல், போட்டுப் பழகிய அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வாள். வாய் பொய் சொல்லும், மூச்சை இழுத்துப் பிடித்தால் டேப்பும் பொய் சொல்லும், வியர்த்து வெளுத்துத் தொளதொளத்த ஜாக்கெட் மட்டும்தான் உண்மை பேசும் என்பது அவள் கட்சி. அவள் அலமாரியில் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரின் உண்மையும் பெயர்ச்சீட்டோடு பைபையாகக் கிடந்தது.

நாற்பத்தாறு வயதுக்குள் இவ்வளவு சந்தேகம் சும்மா சேர்ந்துவிடவில்லை. பாகூர்ப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் சட்டைக்குக் காலர் தைத்தாள். கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று திங்கட்கிழமை சொன்ன மேனேஜர் வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டினார். புருஷன் பெங்களூரில் மூன்று நாள் வேலை என்று சொல்லிக் கிளம்பினார். பதினோரு வருஷமாகியும் அந்த மூன்று நாளை அவர் முடித்தபாடில்லை.

அவள் நம்பியது ஒரே ஓர் ஆளை. கீழ்வீட்டு செந்தமிழ்ச்செல்வி, வீட்டுக்காரர் தெய்வசிகாமணியின் மனைவி. புருஷன் திரும்பி வராத அந்த முதல் மாதத்தில் ஊரே "வந்துருவாரு, வந்துருவாரு" என்று பாட்டுப் பாடியபோது, செல்வியக்கா மட்டும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்து, "வருவான்னு நான் சொல்ல மாட்டேன் ஆதி. நீ சாப்புடு" என்றாள். அன்றிலிருந்து தினம் நாலு மணிக்குப் படிக்கட்டுக் கம்பியில் டம்ளரால் டங் டங் என்று தட்டுவாள். இவள் மாடியிலிருந்து இறங்க, அவள் கீழேயிருந்து ஏற, ஏழாவது படியில் இருவரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

ஐப்பசி மாசத்தில் ஒருநாள் ஃப்ளோரான் என்ற ஆள் மாடி ஏறி வந்தான். அவன் குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டி. தாத்தா பட்டாளத்துக்காரர், அம்மா பென்ஷன்காரர், இவன் இருபது வருஷம் பிரான்சில் சமையல்காரனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். கறுப்புத் துணியில் மூன்று கொடி வேண்டும் என்று படத்தை நீட்டினான். மூன்றிலும் மண்டையோடு, எலும்பு.

"பீச் பக்கம் ரெஸ்டாரன்ட் தொறக்கறேன் அக்கா. கடல் கொள்ளைக்காரங்க கப்பல் மாதிரி."

ஆதிலட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மண்டையோட்டுக்குக் கீழே உட்கார்ந்து எவன் சோறு தின்பான்? மறுநாளே ஷேர் ஆட்டோ ஏறிப் போய், அவன் சொன்ன தெருவில் சொன்ன கட்டடத்தில் தச்சர்கள் கப்பல் சக்கரம் ஒன்றை நிஜமாகவே இழைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அட்வான்ஸில் கை வைத்தாள். அதற்குமேலும் ஒரு கண்டிஷன் போட்டாள்.

"ஆள் யாருன்னு தெரியாம நான் துணி வெட்டறதில்ல தம்பி. மூணும் யாரோடதுன்னு சொல்லிட்டுப் போங்க."

ஃப்ளோரானுக்குக் குஷி பிறந்துவிட்டது. கைலியைக் கட்டிய மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள். முதலாவது ஜாக் ராக்கம். நம் பக்கத்துப் பருத்தியில் சட்டை போட்டுத் திரிந்த ஷோக்குப் பேர்வழி. அவன் கப்பலில் இரண்டு பெண்கள் ஆண் உடையில் இருந்தார்கள். பிடிக்க வந்தபோது ஆம்பளைகள் குடித்துவிட்டுக் கீழே பதுங்கினார்கள், பெண்கள்தான் மேலே நின்று சண்டை போட்டார்கள் என்றான். "அந்தப் பொண்ணுங்களுக்கு சட்டை தெச்சவன் யாரு? தோள்ல நிக்காதே" என்று ஆதிலட்சுமி கவலைப்பட்டாள்.

இரண்டாவது ஹென்றி எவ்ரி. மெக்கா யாத்திரை முடிந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த முகலாய மன்னரின் கப்பலை வழிமறித்து, அதிலிருந்த பெண்களையும் விட்டுவைக்காத கும்பலுக்குத் தலைவன். உலகமே தேடியும் அவன் அகப்படவில்லை.

"பெங்களூர்ல தேடிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

மூன்றாவது கறுந்தாடிக்காரன். எலும்புக்கூடு ஒன்று ஈட்டியால் இதயத்தைக் குத்துகிற கொடி அவனுடையது என்கிறார்கள். சண்டைக்கு வரும்போது தொப்பிக்கு அடியில் திரியைக் கொளுத்தி, முகத்தைச் சுற்றிப் புகைய விட்டுக்கொண்டு வருவானாம்.

"எதுக்குத் தம்பி இந்த வேஷம்?"

"சண்டை நடக்காம இருக்கத்தான் அக்கா. கொடியைத் தூரத்துல பாத்ததுமே எதிராளி பயந்து கப்பல் பாயை எறக்கி சரண்டராயிடுவான். கடைசிச் சண்டை வரைக்கும் அவன் யாரையும் கொன்னதா சாட்சியே இல்லைன்றாங்க."

"அப்ப எல்லாம் நடிப்பா?"

"பாதி" என்று சிரித்தான். "ஆனா கடைசியில அவன் தலையை வெட்டிக் கப்பல் மூக்குல தொங்கவிட்டாங்க."

வெள்ளைத் துணியில் எலும்புகளை வெட்டி, ஓரம் மடித்து, கறுப்பின்மேல் வைத்துத் தைத்தாள். காலர் தைத்த கைக்கு மண்டையோட்டின் வளைவு சுலபமாக வந்தது.

கார்த்திகை கடைசியில் ஒரு திங்கட்கிழமை தெய்வசிகாமணி மாடி ஏறி வந்தார். "மேல ரூம் போட்டு விடலாம்னு கீறேன். வாரக் கடைசில டூரிஸ்ட்டு எவ்ளோ பேரு வரான். தை பொறந்ததும் காலி பண்ணிடும்மா" என்றார். ஆதிலட்சுமி மிஷினை நிறுத்தினாள். பழகின பெண்களெல்லாம் இந்தத் தெரு. வேறு எங்கே போனாலும் முதல் ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு மணிக்கு ஏழாவது படியில் செல்வியக்கா அழுதாள். "நான் எவ்ளோ சொன்னேன் ஆதி, அந்த ஆள் காதுலயே போட்டுக்கல" என்றாள். ஆதிலட்சுமி அதை நம்பினாள்.

புதன்கிழமை மழை விட்டு நல்ல வெயில். சாக்பீஸ் கோடு போவதற்காக மூன்று கொடியையும் அலசி மொட்டை மாடியில் உலர்த்தினாள். வெயிலைப் பார்த்துச் செல்வியக்காவும் மிளகாய் காயவைக்க முறத்தோடு ஏறியிருக்கிறாள். வேலை வந்திருப்பது அவளுக்குத் தெரியாது என்றில்லை, ஹோட்டலுக்கு ஏதோ தைக்கிறேன் என்று ஆதிலட்சுமி சொல்லியிருந்தாள். மண்டையோடு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வாள் என்று கூச்சம். கொஞ்ச நேரம் கழித்து இவள் வெளியே வந்தபோது முறம் மட்டும் கடைசிப் படியில் இருந்தது.

வியாழக்கிழமை காலை தெய்வசிகாமணி பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

ஆதிலட்சுமி விசாரிக்க ஓடினாள். கீழ்வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. செல்வியக்கா கதவை ஒரு சாண் திறந்து, "தூங்கறாரு" என்று சொல்லிச் சாத்திவிட்டாள். அன்றைக்கு நாலு மணிக்கு டம்ளர் சத்தம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை படிக்கட்டு அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இரண்டு பாதியாகக் கிடந்தது. மாலையில் தெய்வசிகாமணி கையில் மாவுக்கட்டோடு முற்றத்தில் நின்று, நிமிர்ந்து பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"ஆதிலட்சுமி, அந்தக் காலி பண்ற விஷயம்… அவசரம் ஒண்ணும் இல்ல. எத்தினி வருஷம் வேணும்னாலும் நீ இரும்மா."

அவ்வளவு குழைவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. எங்கேயோ இடித்தது. திரும்பிக் கொடிக்கயிற்றைப் பார்த்தாள். கறுந்தாடிக்காரனின் எலும்புக்கூடு காற்றில் ஈட்டியை ஆட்டிக்கொண்டிருந்தது. புரிந்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் சூனியக்காரியா! இதோ போய்ச் சொல்லிவிடலாம் என்று விடுவிடுவென்று இறங்கினாள். ஏழாவது படியில் கால் நின்றது. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் தை பிறக்கும், காலி பண்ண வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை ஃப்ளோரான் வந்து, திறப்பு விழா அழைப்பிதழையும் கொடுத்து, கொடிகளைக் கேட்டான். இரண்டை மடித்துக் கொடுத்தாள். "மூணாவதுல ஈட்டி சரியா வரல தம்பி, ஒரு வாரம் குடுங்க" என்றாள். ஈட்டி அச்சு அசலாக வந்திருந்தது. பொய்யைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிற ஆதிலட்சுமி, அந்தப் பொய்யைக் கண் சிமிட்டாமல் சொல்லிவிட்டு, கறுந்தாடிக்காரனை மறுபடி கயிற்றில் மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை செல்வியக்கா வந்தாள். வாசலுக்கு வெளியேயே நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வாங்கக்கா."

"இல்ல ஆதி. எம் அளவு ஜாக்கெட்ட எடுத்துக் குடு."

எதற்கு என்று கேட்க ஆதிலட்சுமி வாயெடுத்தாள். பிறகு உறைத்தது. உடம்பில் போட்ட துணி ஒரு நூல் கிடைத்தாலும் போதும் என்பார்கள் செய்வினை வைக்கிறவர்களுக்கு. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள் அந்த ஒரு நூலுக்குப் பயந்து வந்திருக்கிறாள். அலமாரியில் பெயர்ச்சீட்டைப் பார்க்காமலே கை போய் அந்தப் பழைய கத்திரிப்பூ நிற ஜாக்கெட்டை எடுத்தது.

"வேற… எங்கூட்டுத் துணி எதுவும் உங்கிட்ட இல்லியே?"

மிஷின்மேலேயே ஃப்ளோரானின் அழைப்பிதழ் கிடந்தது. கப்பலும் மண்டையோடும் போட்டது. எடுத்து நீட்டினால் போதும். வாய் திறந்தும்விட்டது. ஆனால், இவளே என்னை அப்படி நினைத்துவிட்டாளே என்ற கோபம் ஒரு பக்கம், இந்த அறையை விட்டால் நான் எங்கே போவேன் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளைப் பேசவைத்தன.

"மாமாவோட கை எப்பிடி இருக்குக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். செல்வியக்காவின் முகம் வெளுத்தது. ஜாக்கெட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப்போனாள்.

மறுநாள் கறுந்தாடிக்காரனை ஃப்ளோரானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இனி அவன் தேவைப்படவில்லை.

தை பிறந்தது. யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. தெருப் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள், இடுப்பளவில் பொய் சொன்னார்கள். ஒருத்தர் காதிலும் விஷயம் விழுந்திருக்கவில்லை. செல்வியக்கா வெளியே மூச்சுவிடவில்லை. பயத்தால் வாயை மூடிக்கொண்டாளா, இல்லை, ஆதியின் பேர் கெடக்கூடாது என்று மூடிக்கொண்டாளா? எதையும் பிரித்துப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்த ஆதிலட்சுமிக்கு இதை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. பயம்தான் என்று ஒருநாள் முடிவு செய்வாள். நாலு மணி ஆனதும் அந்த முடிவு நிற்காது.

ஒரு முகூர்த்த நாளில், தம்பி மகள் கல்யாணத்துக்குச் செல்வியக்கா கிளம்பினாள். ஆதிலட்சுமி மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். பச்சைப் பட்டுக்கு மாம்பழ நிற ஜாக்கெட், சாரம் பக்கம் வேறு யாரோ டெய்லரிடம் தைத்தது. அக்குளில் இழுத்துப் பிடித்து, முதுகில் கழுத்து வாய் பிளந்திருந்தது. வலது தோள் அரை அங்குலம் இறக்கம் அவளுக்கு, அது எந்த டேப்புக்கும் தெரியாது. பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்துவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. "அக்கா" என்று தொண்டை வரை வந்துவிட்டது.

செல்வியக்கா அதற்குள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் முந்தானையை அவசரமாக இழுத்து முதுகை மூடிக்கொண்டு, தெருவுக்குப் போகிற அந்தப் பத்தடியை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். அவள் பயப்படாமல் போகட்டும் என்று ஆதிலட்சுமி சுவரை விட்டு உள்ளே வந்து, கதவைச் சத்தம் கேட்கும்படி சாத்தினாள்.