எந்த ஸ்டேட்டுச் சட்டம்?

மாரித்தாயிடம் சட்டம் பேசுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘சட்டப்படி இது தப்பு’ என்று யாராவது வாயெடுத்தால் போதும், கையிலிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்பாள்: “எந்தச் சட்டம்? எந்த வருசம்? எத்தனாவது பிரிவு? எந்த ஸ்டேட்டு?”

கல்யாணமான புதிதில் அவள் புருசன் ஆண்டிச்சாமி, “பொண்டாட்டி புருசன் பேச்சக் கேக்கணும், அதான் சட்டம்” என்று ஒரு நாள் அளந்துவிட்டான். நாலு கேள்வியும் வரிசையாக வந்து விழுந்தன. பத்தொன்பது வருடமாகியும் ஆண்டிச்சாமிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அதற்குள் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் பழகிவிட்டான்.

அவள் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. அப்பனும் ஆத்தாளும் ஊரான் பருத்திக்காட்டில் கூலிக்குக் குனிந்தார்கள். மழை பொய்த்த வருடம் குடும்பமே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது. ஒன்பது வயதில் பெட்டி ஒட்ட உட்கார்ந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் பசை வாடையோடு சேர்ந்துதான் அவளுக்கு ஞாபகத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பாரம், அதாவது அச்சடித்த பெரிய தாள், மடிக்கிற வேலை கிடைத்தது. மடிக்கிற தாளையெல்லாம் படித்துவிட்டு மடித்ததால், மற்றவர்கள் நூறு மடிக்கையில் இவள் அறுபதுதான் மடிப்பாள். புகார் முதலாளிவரை போனது. அவர் கூப்பிட்டு, “மடிக்கத்தான் சம்பளம், படிக்க இல்ல” என்றார். “இருக்கட்டும் அண்ணாச்சி, நாப்பத்தி ரெண்டாம் பக்கமும் நாப்பத்தி மூணாம் பக்கமும் மாறிக் கெடக்கு, அதச் சொல்லவா மடிக்கவா?” என்றாள். மறுநாளிலிருந்து புரூப் பார்க்கிற நாற்காலி அவளுக்கு.

அந்த அச்சகத்தின் நிரந்தர வரும்படி, தொழிற்சாலைச் சட்டச் சுருக்கம். சட்டத்தின் நூற்றியெட்டாம் பிரிவு ஒன்று சொல்கிறது: ஒவ்வொரு தொழிற்சாலையும் சட்டத்தின் சுருக்கத்தையும் விதிகளின் சுருக்கத்தையும் தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில், கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். சட்டம் நாடு முழுக்க ஒன்று. விதி மட்டும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேறு. கேரளாவுக்கு மலையாளத்தில், ஆந்திராவுக்குத் தெலுங்கில் அடிப்பார்கள், அதில் குழப்பமில்லை. தமிழ்நாட்டுத் தாளும் பாண்டிச்சேரித் தாளும்தான் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் தமிழ், அளவும் ஒன்று. மேல்வரியில் ஸ்டேட் பெயரும் வருடமும் மாத்திரம் வேறு: தமிழ்நாடு என்றால் 1950, பாண்டிச்சேரி என்றால் 1964. காரைக்கால் போகவேண்டிய கட்டு ஒருமுறை கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, மாரித்தாய்தான் வழி சொன்னாள்.

“பார்டர் கலர மாத்துங்க. தமிழ்நாட்டுக்கு நீலம், பாண்டிச்சேரிக்குப் பச்ச. கட்டுறவுக எழுத்துக் கூட்டிப் படிக்க வேணாம், கலரப் பாத்தாப் போதும்.”

அன்றோடு குழப்பம் தீர்ந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

2007 ஆவணி. தீபாவளி லோடு ஏறுகிற மும்முரம். ஆண்டிச்சாமியின் தங்கை இசைவாணி ஒரு கடிதத்தை நீட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நாரணாபுரம் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அறைச் சுவரிலேயே ‘ஆள் நான்கு’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். சீசன் நெருக்கடியில் போர்மேன் ஏழு பேரை உட்கார வைத்தான். ஏழாவது ஆள் உள்ளே வந்ததும் இசைவாணி எழுந்து வெளியே போனாள். சும்மா போகவில்லை, “சாவுறதுக்கு வரிசையில நிக்கிறீகளாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் பின்னால் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். அதற்குத்தான் கடிதம். அனுமதியின்றி அறையை விட்டுப் போனது, பிறரைத் தூண்டியது, ஆகவே தற்காலிக நீக்கம். நிரந்தர நீக்கம் ஏன் செய்யக்கூடாது என்று விளக்கம் தர வேண்டும்.

“வேற கம்பெனி பாத்துக்கிருவேன்னு நெனச்சேன் மதினி” என்றாள் இசைவாணி. அலுமினியப் பவுடர் ஏறி விரல்கள் வெள்ளிபோல மின்னின. “டிஸ்மிஸ் பண்ணுன தாளக் காட்டுனா ஒருத்தனும் கேட்டுக்குள்ள விடமாட்டான். ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுச் சொல்லிருதாக.”

மாரித்தாய் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. காதில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். ஒரு வரியில் பேனா நின்றது. ‘தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள், 1964-இன்படி.’

“ஏ இசை, இப்படி ஒரு விதியே கெடையாதே! நம்ம விதி அம்பதாம் வருசம்லா?”

“அந்த லட்சுமிகாந்தம் சார் போட்ட நம்பரு மதினி. நாப்பது கம்பெனிக்கு அவருதான் சட்டம் பாக்காரு.”

“அவரு புஸ்தகத்தப் பாத்தாரா, செவுத்தப் பாத்தாரா?” என்று முனகிய மாரித்தாய், சட்டென்று நிமிர்ந்தாள். “உங்க ஆபீஸ் செவுத்துல சட்டத் தாள் மாட்டியிருக்குல்ல? பார்டர் என்ன கலரு?”

“பச்ச.”

மாரித்தாய் சிரித்தாள். ஆண்டிச்சாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். “மேல என்ன ஸ்டேட்டுன்னு போட்டிருக்கு?”

“தெரியாது. சந்தனம் அப்பியிருக்கு.”

பட்டாசு ஊரில் ஆயுத பூஜை என்றால் எதுவும் தப்பாது. மிஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, போன், கால்குலேட்டர், தீயணைக்கிற மணல்வாளி எல்லாவற்றுக்கும் பொட்டு. கண்ணாடி போட்ட எதுவும் சாமிப்படம்தான் என்பது நம்மவர்களின் கணக்கு. சட்டச் சுருக்கமும் கண்ணாடிக்குள் இருந்தது. ஆகவே அதற்கும் மாலை, சூடம், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகச் சந்தனப் பொட்டு. ஒன்பது வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, மேல்பொட்டு பணியாரம் கனத்துக்கு இருந்தது. கும்பிட்டவர்கள் நூறு பேர். வாசித்தவர் ஒருவருமில்லை.

பச்சை வந்த கதையை மறுநாள் அச்சகக் கவுன்டரில் விசாரித்தாள். கம்பெனி முதலாளி கனகசபாபதி 98-இல் நேரில் வந்து வாங்கியிருக்கிறார். வாஸ்துக்காரர் ஆபீசின் வடக்கு மூலையில் பச்சைதான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாராம். நீலத்தை எடுத்துக் கொடுத்தவனை, “எழவே, பச்ச கேட்டா நீலத்த நீட்டுற” என்று திட்டிப் பச்சையை வாங்கிப் போயிருக்கிறார்.

இசைவாணி கொடுத்த மனுவின்மேல் சமரசப் பேச்சு விருதுநகரில், தொழிலாளர் அலுவலர் முன்னால். அலுவலர் ஒரு பெண்மணி; வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்; மேஜைமேல் அரிசிமூட்டை உயரத்துக்குக் கோப்புகள். லட்சுமிகாந்தம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் மாரித்தாய் எழுந்தாள்.

“நீங்க யாரும்மா?”

“இவளுக்கு மதினிங்க. சட்டத் தாளுக்குப் புரூப் பாக்கேன். சார் சொன்ன விதி எந்த ஸ்டேட்டுன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா.”

“தமிழ்நாடு! அதுல என்ன சந்தேகம்?” என்றார் லட்சுமிகாந்தம்.

“அறுபத்தி நாலுல நம்ம ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடுன்னே பேரு கெடையாதே சார்.”

அலுவலர் தலையசைத்தார். “அந்த வாதம் நிக்காதும்மா. பழைய மெட்ராஸ் விதிக்கும் பேர் மாத்திட்டாங்க. ஆனா நீங்க சொல்ல வர்றது சரி. நம்ம விதி ஐம்பது. சார், அறுபத்தி நாலு எங்கேருந்து வந்தது?”

“கம்பெனிச் சுவர்லயே தொங்குது மேடம். கிளார்க்க போன்ல வாசிக்கச் சொல்லி எழுதினேன்.”

“மத்தியானம் மூணு மணிக்கு அதைக் கொண்டு வாங்க.”

மூன்று மணிக்குக் காரின் பின்சீட்டில் இரண்டு பேர் மடியில் ஊர்கோலமாக வந்தது அது. காய்ந்த மாலையைக் கழற்றவில்லை. முன்னால் கனகசபாபதி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். மேஜைமேல் வைத்தார்கள். ‘விதிகள், 1964’ என்று தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் பணியாரம்.

“தொடைங்க” என்றார் அலுவலர்.

பியூன் இரண்டடி பின்னால் போனான். லட்சுமிகாந்தம் தனக்குத் தோள்பட்டை வலி என்றார். கனகசபாபதி, “ஒம்பது வருசம் கும்பிட்டது மேடம், அதுவும் வெள்ளிக்கிழமையா...” என்று இழுத்தார்.

இசைவாணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்தாள். “நான் தொட்டாத் தீட்டுன்னு நெனச்சாச் சொல்லிருங்க மொதலாளி. அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு. மதினி, அது எந்த வருசம்?”

“அம்பத்தஞ்சு. இந்தியா பூராவுக்கும் ஒண்ணுதான். அதுக்கு ஸ்டேட் கேக்க வேண்டாம்.”

இசைவாணி தேய்த்தாள். 2006-ஆம் வருடத்துச் சந்தனம் மெழுகாகக் கரைந்தது. 2002-க்குக் கீழே கல்லாக இருந்தது, நகத்தால் சுரண்டினாள். 98-ஆம் வருடமும் உதிர்ந்ததும் எழுத்து தெரிந்தது: ‘பாண்டிச்சேரி.’

கனகசபாபதி குனிந்து பார்த்தார். “பாண்டிச்சேரியா? நம்ம கம்பெனி அங்கன இல்லையே.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றாள் மாரித்தாய். “ஏ இசை, கால்மாட்டுப் பொட்டையும் தொடை.”

அதற்குக் கீழே இருந்தது நூற்றிப் பதினொன்று-ஏ, தொழிலாளியின் உரிமைகள். அதற்கு மேல்வரி நூற்றிப் பதினொன்று, தொழிலாளியின் கடமைகள். கடமை ஒன்பது வருடமாகப் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. உரிமைக்குத்தான் பூஜை நடந்திருக்கிறது. இந்த நாட்டில் எதை மறைக்க வேண்டுமானாலும் அதைக் கும்பிட்டால் போதும்.

லட்சுமிகாந்தம் லேசில் விடுகிற ஆளில்லை. “மேடம், விதிய மாத்திக் குறிச்சதாலயே நடவடிக்கை செல்லாமப் போயிடாது. அதிகாரம் இருக்கான்னுதான் பாக்கணும்.”

“உண்மைதான்” என்றார் அலுவலர். அலமாரியிலிருந்து தமிழ்நாட்டு விதிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “நாலு பேர் அறையில ஏழு பேரை வச்சா, எழுந்து வெளியே போகக்கூடாதுன்னு இதுல எங்க இருக்கு? காட்டுங்க, திருத்தி எழுதிக்கலாம்.”

லட்சுமிகாந்தம் புரட்டினார். மின்விசிறி அவருக்கு உதவியாகச் சில பக்கங்களைப் புரட்டியது. பியூன் டீ கொண்டுவந்து வைத்து, அது ஆறியதும் எடுத்தும் போனான்.

“இன்னொண்ணு” என்றார் அலுவலர். “தமிழ்நாட்டு விதிகளை நீங்க ஒன்பது வருசமா மாட்டவே இல்லை. நூற்றியெட்டாம் பிரிவு. தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதப் போறேன். வர்றப்போ அறையில தலையையும் எண்ணச் சொல்வேன்.”

கனகசபாபதி அவசரமாகக் குறுக்கிட்டார். “அந்தப் புள்ள திங்கக்கெழம வேலைக்கு வரட்டும் மேடம். எல்லாத்தையும் வாபஸ் வாங்கிருதேன். நீங்க எழுத வேண்டாம்.”

“ரொம்ப சந்தோஷம். வாபஸை எழுதிக் கொடுங்க. நானும் எழுதத்தான் செய்வேன்.”

வாபஸ் உத்தரவை லட்சுமிகாந்தம் அங்கேயே எழுதினார். எழுதியதை அலுவலரிடம் நீட்டும் முன் ஒரு கணம் யோசித்தார். பிறகு யாரும் பார்க்காததுபோல மாரித்தாய் பக்கம் தள்ளினார். அவள் சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தி, ஓர் இடத்தில் வருடம் சேர்த்து, “இப்பக் கையெழுத்துப் போடுங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே காரில் ஏறப்போன கனகசபாபதி திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, “ஏத்தா, அந்தத் தமிழ்நாட்டுத் தாளு பச்ச பார்டர்ல கெடைக்குமா?” என்றார்.

“கெடைக்காது அண்ணாச்சி. பச்சதான் வேணும்னா கம்பெனியப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க.”

ஆய்வாளர் வந்தார், எண்ணினார், எழுதினார். புஸ்வாண அறையில் நாலு பேராயிற்று. போர்மேன் ஐந்தாவது ஆளைக் கூட்டிவந்த ஒரே ஒரு நாளில் இசைவாணி எழுந்திருக்கக்கூட இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டே முந்தானையை மட்டும் உதறினாள். அவன் ஆளைத் திருப்பிக் கூட்டிப்போனான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு நீல பார்டர் தாள் சுவரில் இருந்தது. கிளார்க் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டூலில் ஏறினான். கீழே நின்ற இசைவாணி கையை நீட்டி மறித்தாள்.

“பொட்டு வைக்கணும்னா பின்பக்கம் வைங்க அண்ணே. சாமிக்கு எந்தப் பக்கம்னு தெரியாமலா போயிரும்?”